பராக்கிரம பாண்டியன் வணங்கியது யாரை?

பாண்டிய நாட்டுக் கோயில் கல்வெட்டுகளைப் படிப்பவர்கள் பெரும்பாலும் முன்பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். மெய்க்கீர்த்தியிலிருந்து அரசனின் பெயரும் ஆட்சியாண்டும் கிடைக்கின்றன. அதற்கடுத்து நிலத்தின் நான்கு எல்லை, நெல்லின் அளவு, விளக்கின் எண்ணிக்கை வருகின்றன. வரலாற்றுக்கு வேண்டியவை இவைதான் என்று கடைசி இரண்டு வரிகளைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம். ஆனால் கொடை கொடுத்தவர் மனம் திறந்து பேசுவது அந்தக் கடைசி வரிகளில்தான். கல்வெட்டாய்வாளர்கள் அதற்கு ஓம்படைக்கிளவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தாம் செய்த அறத்தைக் காக்கும்படி, தாம் ஒருநாளும் பார்க்கப் போகாத மனிதர்களிடம் ஒருவர் விட்டுச் செல்லும் வேண்டுகோள் அது. செத்துப் போனவன் சொன்ன சொல்லை இருப்பவன் ஏன் காப்பாற்ற வேண்டும்? அறவியலில் இதைவிடக் கடினமான கேள்விகள் அதிகம் இல்லை. நம்மூர்க் கல்தச்சர்கள் இதற்கு இரண்டு விதமான விடைகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று சாபம்: காக்காவிட்டால் உனக்கு இன்ன கேடு வரும். இன்னொன்று வணக்கம்: காத்தவனின் திருவடி என் தலைமேல் இருக்கட்டும். கடமைக்கு மெய்யான அடிப்படை இரண்டாவது விடையில்தான் இருக்கிறது என்பதும், முதல் விடை அதன் துணையில்லாமல் நிற்காது என்பதும் என் வாதம். இரண்டாவது விடையின் மிக முழுமையான வடிவம் தென்காசியில் இருக்கிறது. அந்த விடை எங்கே குறைபட்டு நின்றது என்பதை அங்கிருந்து கூப்பிடு தூரத்துக் குற்றாலம் காட்டுகிறது. இரண்டையும் விளங்கிக்கொள்ள, பதினெட்டாம் நூற்றாண்டில் கோனிக்ஸ்பெர்க் நகரில் வாழ்ந்த இம்மானுவேல் காண்ட் பெரிதும் உதவுகிறார்.

சாபத்தை முதலில் பார்க்கலாம், ஏனென்றால் எண்ணிக்கையில் அதுவே அதிகம். கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்கள் என்பது எல்லா ஊர்க் கல்லிலும் காணக்கூடிய சொல். கங்கைக்கும் குமரிக்கும் இடையே வாழ்ந்தவர்கள் செய்த பாவமெல்லாம் ஒருவன் தலையில் வந்து விழும் என்பது அதைவிடப் பழையது. செப்பேடுகளின் வடமொழிப் பகுதியில், தான் கொடுத்த நிலத்தையோ பிறர் கொடுத்த நிலத்தையோ பறித்தவன் அறுபதினாயிரம் ஆண்டு மலத்தில் புழுவாகக் கிடப்பான் என்ற சுலோகம் இருக்கும். இத்தோடு இவ்வுலகத் தண்டமும் உண்டு: தன்மாசனம் என்ற அறமன்றத்துக்கு இத்தனை பொன், அன்றாடு கோ என்ற அப்போதைய அரசனுக்கு இத்தனை பொன் என்று. இவை எல்லாமே படிப்பவனின் நலத்தைப் பார்த்துப் பேசுகின்றன. உனக்குத் துன்பம் வேண்டாமென்றால் இதைக் காப்பாற்று என்பதுதான் இவற்றின் உள்ளமைப்பு. காண்ட் 1785இல் எழுதிய ஒழுக்க மெய்யியலின் அடிப்படை பற்றிய சிறுநூலில் இத்தகைய கட்டளைகளை நிபந்தனைக் கட்டளைகள் என்று பிரித்து வைத்தார். அங்கே அவர் சொல்லும் மளிகைக்காரர் நமக்கு நன்றாகத் தெரிந்த மனிதர். சின்னப் பிள்ளை வந்து கேட்டாலும் கூடுதல் விலை சொல்லாமல் ஒரே விலைக்கு விற்கிறார். நேர்மையாகத்தான் நடக்கிறார். ஆனால் வியாபாரம் நிலைக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி நடக்கிறார் என்றால், அவர் செயல் கடமைக்கு ஒத்துப்போகிறதே தவிர கடமையிலிருந்து பிறக்கவில்லை. ஆதாயம் மாறினால் விலையும் மாறும். புழுப்பிறவிக்கு அஞ்சிக் கோயில் நிலத்தைத் தொடாத அரசனும் இந்த மளிகைக்காரரும் ஒரே தரத்தில்தான் நிற்கிறார்கள்.

விளக்கு எரிந்தால் போதாதா, எண்ணெய் ஊற்றுகிறவன் மனத்தில் அச்சம் இருந்தால் என்ன, அன்பு இருந்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் வரலாறு அந்த நம்பிக்கைக்குத் துணை நிற்கவில்லை. சாபம் பொறித்த கொடைகள் எத்தனையோ அழிந்திருக்கின்றன. கல் மிஞ்சியிருக்கிறது, நிலம் கைமாறிப் போயிருக்கிறது. அச்சத்தால் கட்டுண்டவன் கணக்குப் போடுகிறவனாகவும் இருக்கிறான். பரிகாரம் உண்டு என்று கேள்விப்பட்டால் அவன் பாவத்துக்கு விலை வைத்துவிடுவான். அந்தச் சாபத்தை நம்பாத வேற்றுச் சமயத்தான் ஆட்சிக்கு வந்தால் சாபம் வெறும் கல்லெழுத்து. இவற்றையெல்லாம்விட முக்கியமான குறை ஒன்று உண்டு. சாபம் தனியாக எதையும் தவறாக்கிவிட முடியாது. நிலத்தைப் பறிப்பது தவறு என்று படிப்பவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அதற்குச் சொல்லப்படும் தண்டனை தண்டனையாகப் புரியும், இல்லையென்றால் அது வெறும் மிரட்டல். ஆக, சாபம் தன்னால் கொடுக்க முடியாத ஓர் அறிவைப் படிப்பவனிடம் இரவல் வாங்கிக்கொண்டுதான் பேசத் தொடங்குகிறது.

அந்த அறிவு எங்கிருந்து வருகிறது என்பதற்கு, பாண்டிய வரலாற்றின் அடித்தளமான வேள்விக்குடிச் செப்பேடு நல்ல சான்று. எட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெடுஞ்சடையன் பராந்தகன் தன் மூன்றாம் ஆட்சியாண்டில் கொடுத்த செப்பேடு அது. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்ற சங்ககாலப் பாண்டியன், வேள்வி முடித்துத் தந்த கொற்கை கிழான் நற்கொற்றனுக்கு வேள்விக்குடி என்ற ஊரைக் கொடுத்தான். களப்பிரர் வந்தார்கள், அந்தக் கொடையைப் பறித்தார்கள். கடுங்கோன் நாட்டை மீட்ட பிறகும் ஊர் திரும்பவில்லை. தலைமுறைகள் பல கடந்தபின் நெடுஞ்சடையன் கூடல் மாநகரில் வலம் வந்தபோது, கொற்கை கிழானின் வழிவந்த ஒருவர் நின்று முறையிட்டார். அரசன் அவரை விரட்டவும் இல்லை, உடனே அள்ளிக் கொடுக்கவும் இல்லை. நாட்டாரைக் கொண்டு உன் பழைய உரிமையை மெய்ப்பித்துப் பெற்றுக்கொள் என்றான். மெய்ப்பித்தார், பெற்றார். இங்கே அரசனுக்கு ஆதாயம் என்ன இருந்தது? கொடுத்தவன் செத்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, வாங்கியவனும் இல்லை. இடையில் ஓர் ஆட்சியே வந்து போயிருக்கிறது. பழைய பாக்கி எதையும் ஏற்க வேண்டியதில்லை என்று சொல்ல எல்லா வசதியும் இருந்தது. கடமையை உறுதிசெய்ய அவன் தேடியது சகுனத்தையோ கனவையோ அல்ல, சாட்சியத்தைத்தான்.

இந்தச் செப்பேட்டுக்குப் பக்கத்தில் காண்ட் 1788இல் எழுதிய செயல்சார் அறிவின் விமர்சனத்தில் வரும் ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒருவன் என்னிடம் பணத்தை அடைக்கலமாகக் கொடுத்துவிட்டு இறந்துபோகிறான். எழுத்து எதுவும் இல்லை, யாராலும் நிரூபிக்கவும் முடியாது. நான் இல்லை என்று சொல்லிவிடலாமா? நிரூபிக்க முடியாத அடைக்கலத்தை எவரும் மறுக்கலாம் என்பதை எல்லோருக்குமான சட்டமாக எண்ணிப் பார் என்கிறார் காண்ட். அப்படி ஒரு சட்டம் வந்த கணமே உலகில் யாரும் யாரிடமும் எதையும் அடைக்கலம் வைக்கமாட்டார்கள். அந்தச் சட்டம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க உலக அனுபவம் வேண்டாம், விளைவுகளை அளந்து பார்க்க வேண்டாம், பெரும்படிப்பும் வேண்டாம். சாதாரண மனிதனின் அறிவே போதும் என்பதில் காண்ட் உறுதியாக இருந்தார். கோயிற்கொடை என்பது உரியவர் இறந்துபோன அடைக்கலம் அல்லாமல் வேறென்ன? வேள்விக்குடி அரசன் பாதுகாத்தது ஒரு பிராமணரின் ஊரை மட்டும் அல்ல. கொடுப்பது, வாங்குவது என்ற நடைமுறையே இருக்க முடியும் என்ற நிலையையும்தான் பாதுகாத்தான்.

நந்தாவிளக்கு எரிக்கத் தொண்ணூற்றாறு ஆடு விடும் வழக்கமும் இதே சிந்தனையின் இன்னொரு முகம். ஆடுகளை மன்றாடி எனப்படும் இடையர் வாங்கிக்கொள்வார், நாள்தோறும் உழக்கு நெய் அளப்பார். கல்வெட்டுகள் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்கின்றன. ஆடு சாகும், கிழடாகும் என்பது இடையர்களுக்குத் தெரியாததா? குட்டிகளால் மந்தை நிரம்பிக்கொண்டே இருக்க வேண்டும், எண்ணிக்கை குறைந்தாலும் நெய் குறையக் கூடாது என்பதே ஏற்பாடு. இப்படி ஒரு கடமையை எந்த ஒரு தனி ஆட்டோடும், எந்த ஒரு தனி மன்றாடியோடும் சேர்த்துக் கட்டாமல், எல்லாத் தலைமுறைக்கும் பொதுவாக நிறுத்திவைக்கத் தெரிந்த சமூகத்துக்கு, பொதுவிதி என்ற கருத்து வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

இனித் தென்காசி. மதுரை கையைவிட்டுப் போனபின் பாண்டியர் தெற்கே ஒதுங்கி ஆண்ட காலம் அது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1422இல் பட்டத்துக்கு வந்தவன். வடக்கே காசியில் தன் கோயில் சிதைந்துபோனதாகவும், சிற்றாற்றங்கரையில் தனக்கு ஒரு கோயில் எடுக்கும்படியும் இறைவன் கனவில் சொன்னதாகக் கல்வெட்டு கூறுகிறது. 1446இல் விசுவநாதர் கோயில் திருப்பணி தொடங்கியது, 1457இல் ஒன்பது நிலைக் கோபுரத்தை எழுப்பத் தொடங்கினார்கள். 1463இல் அரசன் இறந்தபோது கோபுரம் முடியவில்லை, தம்பி குலசேகரன் முடித்தான். பிறப்பிலேயே ஓர் அழிவின் செய்தியைச் சுமந்த கோயில் இது. எங்கோ ஒரு கோயில் இடிந்ததால் இங்கே ஒரு கோயில் எழுந்தது. எழுப்பியவனுக்கு அதனாலேயே இன்னொன்றும் தெரிந்திருந்தது: இதுவும் ஒருநாள் பழுதுபடும். கல்லில் அவன் வெட்டுவித்த பாடல்கள் இந்த எண்ணத்தைச் சுற்றியே வருகின்றன. ஒரு பாடலில், இந்த ஆலயம் தெய்வச் செயலால் அமைந்தது, தன் செயல் அல்ல என்கிறான். இதை மேலும் விரிவாக்கிக் காப்பவர்களின் அடியில் விழுந்து அவர்களுக்கு ஏவல் செய்வேன் என்கிறான். இன்னொரு பாடலில், வரக்கூடாத குற்றம் ஏதும் இந்தக் கோயிலுக்கு வந்துவிட்டால், அங்கே வந்து அதைச் சரிசெய்து காப்பவர்கள் எவராக இருந்தாலும், உலகம் அறிய அவர்களைப் பணிந்தேன் என்கிறான்.

காத்தவர் அடி என் முடிமேல் என்ற பழைய வாய்பாடு பராக்கிரமனுக்குப் பல நூற்றாண்டு முன்பே இருந்தது. அறத்தை அரசர்களுக்கெல்லாம் பொதுவான பாலமாக்கி, வருங்கால வேந்தரிடம் இராமனே அதைக் காக்கும்படி இரந்து நிற்பதாகச் சொல்லும் வடமொழிச் சுலோகமும் செப்பேடுகளில் பழகியதே. தென்காசி அரசன் செய்தது அந்த வாய்பாட்டை உரித்து, உள்ளே இருந்த கருத்தை வெளியே கொண்டுவந்ததுதான். இந்த இரு பாடல்களிலும் சாபம் இல்லை, நரகம் இல்லை, தண்டப் பொன் இல்லை. காப்பவனுக்குச் சொர்க்கமும் சொல்லவில்லை. காப்பவன் அரசனாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. குலமோ நாடோ குறிக்கவில்லை. அவனிடம் வேண்டியது ஒன்றுதான்: பழுதைக் கண்டு வந்து அதைச் சரிசெய்திருக்க வேண்டும். அதைச் செய்தவன் முன்னால் முடிமன்னன் தாழ்கிறான்.

காண்ட் பேசும் மதிப்பு என்ற உணர்வு இதுதான் என்று நான் கருதுகிறேன். 1788ஆம் ஆண்டு நூலில் அவர் ஃபொந்தனெல் என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் கூற்றை எடுத்துக்கொள்கிறார். பெரிய மனிதர் முன்னால் உடல்தான் வளைகிறது, உள்ளம் வளைவதில்லை என்பது ஃபொந்தனெல்லின் கருத்து. காண்ட் அதற்கு மேலே ஒரு படி போகிறார். எளிய, சாமானிய மனிதன் ஒருவனிடம் என்னிடம் இருப்பதைவிட மேலான நேர்மையைக் கண்டால், நான் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், என் தலையை எவ்வளவு நிமிர்த்தி வைத்துக்கொண்டாலும், என் உள்ளம் அவன் முன்னால் பணிகிறது என்கிறார். அந்த மனிதன் வழியாக நான் பணிவது அறத்தின் விதிக்கு; அவன் அதை நடத்திக் காட்டிய சான்று. அச்சம் விளைவைப் பார்க்கிறது, ஆசையும் விளைவைப் பார்க்கிறது. மதிப்பு ஒன்றுதான் விளைவைத் தாண்டிச் செயலையே பார்க்கிறது. பராக்கிரம பாண்டியன் காண்ட் பிறப்பதற்கு 261 ஆண்டுகளுக்கு முன்பே இறந்தவன். ஒருவரிடமிருந்து ஒருவர் எதையும் பெறவில்லை. கடமையை ஆதாயத்திலிருந்து பிரித்துப் பார்க்க முனைந்த இருவர், வேறு வேறு உலகங்களிலிருந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானது காண்டிடமிருந்தே வருகிறது. 1797இல் வெளியான ஒழுக்க மெய்யியலில், அடிமைத்தனத்தை அவர் தன்பால் ஒருவன் செய்யும் குற்றமாக எண்ணுகிறார். மண்டியிடுவதும் தரையில் விழுவதும், தெய்வத்துக்கே ஆனாலும், மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்று வெளிப்படையாக எழுதியவர் அவர். அப்படியானால் அடியில் வீழ்ந்து ஏவல் செய்வேன் என்ற அரசனை அவர் ஒப்புக்கொள்வாரா? வடிவத்தை ஒப்புக்கொள்ளமாட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அவருடைய கண்டனத்தின் காரணத்தைப் பார்த்தால் அது இந்த இடத்தில் பொருந்தவில்லை. அவர் வெறுத்தது, இன்னொருவனின் தயவைப் பெறுவதற்காகத் தன் மதிப்பைத் தானே குறைத்துக்கொள்வதை. இங்கே வணங்கப்படுபவன் இன்னும் பிறக்கவில்லை. அவனால் இறந்துபோன அரசனுக்கு ஒரு பதவியும் தர முடியாது, அவன் சினத்தால் ஒரு கேடும் வராது. காரியம் ஆக வேண்டும் என்று காலைப் பிடிப்பதற்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. நம் மரபில் உடல் தாழ்வது உள்ளம் தாழ்வதன் வெளிப்பாடாகவே இருந்திருக்கிறது. கோனிக்ஸ்பெர்க்கின் சீர்திருத்தச் சபைப் பண்பாடு உடலையும் உள்ளத்தையும் பிரித்து வைத்தது. அந்தப் பிரிவினையை அறவியலின் சட்டமாக ஏற்க வேண்டிய தேவை நமக்கு இல்லை.

புகழாசை என்பது அடுத்த மறுப்பு. பாட்டின் முடிவில் தன் பெயரைப் பொறித்துவைத்தவன் எப்படிப் பற்றற்றவன் ஆவான்? அவன் பற்றற்றவன் என்று நான் சொல்லவில்லை. மனித நோக்கங்களின் அடியாழத்தை யாராலும், செய்தவனாலும்கூட, முழுக்க அறிய முடியாது என்பதை 1785ஆம் ஆண்டு நூலிலேயே காண்ட் ஒத்துக்கொள்கிறார். நாம் ஆராயக்கூடியது அரசனின் நெஞ்சத்தை அல்ல, அவன் கல்லில் முன்வைத்த நியாயத்தை. அந்த நியாயத்துக்குப் பெயர் தேவைப்படுகிறது. வணக்கம் என்பது ஒருவர் இன்னொருவருக்குச் செலுத்துவது. செலுத்துகிறவர் யார் என்று தெரியாத வணக்கம் எவரையும் கட்டுப்படுத்தாது, எவரையும் சிறப்பிக்காது. தன்னைப் பெயர் சொல்லிக் கடன்பட்டவனாக நிறுத்தி, எதிரே இருப்பவனைப் பெயரில்லாமல் விட்டதுதான் அந்தப் பாட்டின் கட்டமைப்பு. புகழ் தேடுகிறவன் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்வான். பக்தியைப் பற்றிய மறுப்புக்கும் இடமுண்டு. தெய்வச் செயல் என்று சொல்பவனைக் காண்டின் பக்கம் சேர்க்கலாமா என்றால், முழுக்கச் சேர்க்க முடியாதுதான். ஒரு குறிப்பிட்ட கோயிலைக் காப்பது எல்லா மனிதருக்கும் பொதுவான கடமையும் ஆகாது. கோயில் அல்ல, ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் கடமையே இங்கே பொதுவானது; அதை ஏற்றவனைத்தான் அரசன் மதிக்கிறான்.

தெய்வத்தையும் அறத்தையும் பற்றிய இந்தக் கேள்விக்கு, இதே தென்காசி மரபில் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னால் வந்த அதிவீரராம பாண்டியனின் வெற்றிவேற்கையில் இன்னும் கூர்மையான பதில் இருக்கிறது. நறுந்தொகை என்றும் பெயர்பெற்ற அந்த நூல், திண்ணைப் பள்ளிகளில் நெடுங்காலம் பிள்ளைகள் மனப்பாடம் செய்தது. வழக்கு விசாரிப்பவன் இரு தரப்பின் சொல்லையும் ஏழு தரம் கேட்க வேண்டும் என்று அது விதிக்கிறது. அப்படிக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாவிட்டால், நியாயம் இழந்தவன் மனம் வெதும்பி அழுத கண்ணீர் வாளாக மாறி, மும்மூர்த்திகளே வந்து காத்தாலும், பரம்பரை பரம்பரையாக அறுக்கும் என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இதுவும் சாபம்தான். ஆனால் இதன் உள்ளே இருக்கும் எண்ணம் அசாதாரணமானது. தெய்வங்கள் மூவரும் ஒருபக்கம், அநீதிக்கு ஆளானவனின் கண்ணீர் மறுபக்கம், கண்ணீர் வெல்கிறது. அப்படியென்றால் நீதி நீதியாக இருப்பது தெய்வம் விரும்பியதால் அல்ல. தெய்வத்தையும் அளக்கும் அளவுகோல் மனிதனிடம் ஏற்கெனவே இருக்கிறது. விவிலியத்துப் புனிதரைக்கூட நம் அறிவில் உள்ள அறநிறைவின் கருத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே புனிதர் என்று ஏற்கிறோம் என்று காண்ட் எழுதியது இதே முடிவைத்தான். மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது புரிந்திருக்குமா என்பது வேறு விஷயம். 1797ஆம் ஆண்டு நூலில் காண்டும் ஒரு வினாவிடைப் பாடம் எழுதியிருக்கிறார். அதில் ஆசிரியர் கேள்விகளால் வழிநடத்துகிறார். மாணவனின் அறிவிலிருந்தே விடையை வரவழைக்கிறார். அறத்தைக் கற்பிக்கும் முறையில் அவர் வழி மேலானது என்பதை நான் தயங்காமல் ஒப்புக்கொள்வேன்.

தென்காசியின் விடைக்கு ஓர் எல்லை இருந்தது, அதை மறைப்பது நேர்மையாகாது. கோயிலைக் காப்பவர் எவராயினும் வணங்குகிறேன் என்று கல்லில் சொன்ன அதே கோயிலுக்குள், கல் சுமந்தவர்களிலும் வயலில் உழுதவர்களிலும் பலர் நுழைய முடியாது. வேள்விக்குடி வழக்கில் நாட்டார் சாட்சி சொன்னார்கள். அந்த ஊரின் உழவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கடமையைப் பொதுவாக நினைக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பொதுமைக்குள் யார் யார் அடங்குவார்கள் என்று நினைக்கத் தெரியவில்லை. கல்வியில் சிறந்தவன் எந்தக் குடியில் பிறந்தாலும் மேலே வருக என்று வெற்றிவேற்கை வரவேற்கும். அது உயர்ந்த சொல், ஆனாலும் அங்கே மதிப்பு கல்விக்குத்தான். கல்லாத, எளிய மனிதனுக்கும் விலைமதிப்பில்லாத மாண்பு உண்டு என்ற காண்டின் அடி அந்த நூலில் இல்லை. காண்டும் எல்லா மனிதரையும் தன் காலத்தில் அந்த அடிக்குள் கொண்டுவந்தார் என்று சொல்லிவிட முடியாது. இனங்களைப் பற்றி அவர் எழுதியவற்றில் அவருடைய கொள்கைக்கே முரணான இழிசொற்கள் உள்ளன. கொள்கை சரியாக இருந்தும் அது யாருக்குப் பொருந்தும் என்பதில் தவறுவது இரு இடத்துக்கும் பொதுவான குற்றம்.

இந்தக் குற்றம் நம் மண்ணில் வெளிப்படையாகக் கேள்விக்கு உள்ளான தருணங்களில் ஒன்று, 1934 தொடக்கத்தில் நடந்த காந்தியின் தீண்டாமை எதிர்ப்புப் பயணம். அந்தப் பயணத்தில் அறத்துக்கான இரண்டு விதக் காரணங்களும் அவர் வழியாகவே அடுத்தடுத்து ஒலித்தன. ஜனவரி 15 அன்று பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டிருந்தது. ஜனவரி 24 அன்று திருநெல்வேலிக் கூட்டத்தில், அந்த நடுக்கம் தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் தந்த தண்டனை என்று அவர் பேசினார். ரவீந்திரநாத் தாகூர் இதை ஏற்கவில்லை. இயற்கையின் பேரழிவுகளுக்கு இயற்கையான காரணங்களே உண்டு என்ற அவருடைய மறுப்பைக் காந்தியே பிப்ரவரி 16 அன்று தம் ஹரிஜன் இதழில் வெளியிட்டார். 1755இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் அழிந்தபோது இளைஞரான காண்ட் மறு ஆண்டே மூன்று கட்டுரைகள் எழுதியதை இங்கே நினைக்க வேண்டும். பூமிக்குள் நிகழும் காரணங்களைத் தேடிய அவர், இத்தகைய அழிவை இறைவனின் பழிவாங்கலாகப் படிப்பது மனிதனின் அகந்தை என்றார். திருநெல்வேலிப் பேச்சு, நல்ல நோக்கம் கொண்ட பேச்சுதான் என்றாலும், காராம்பசுச் சாபத்தின் வழியில் வந்தது. தீண்டாமை தவறு என்பதற்கு நிலநடுக்கம் சான்றாக முடியாது. நிலம் நடுங்காமலே இருந்திருந்தாலும் அது தவறுதான்.

அதே பயணத்தில் குற்றாலத்துக்கு வந்த காந்தி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அங்கே குளிக்க இடமில்லை என்று அறிந்து, அருவியில் குளிக்க மறுத்துவிட்டார். திருநெல்வேலிப் பேச்சைவிட இந்த மறுப்பே வலிமையான வாதம் என்பது என் எண்ணம். இதனால் விளைவு என்று சொல்ல உடனே எதுவும் இல்லை. அவர் குளிக்காததால் யாருக்கும் அருவி திறந்துவிடவில்லை, நீர் குறையவும் இல்லை, கூடவும் இல்லை. வெறும் அடையாளச் செயல், பத்திரிகைக்காகச் செய்தது என்று குறைசொல்ல இடம் இருக்கிறது. ஆனால் அந்த மறுப்பின் நியாயத்தை எவரும் தம் அறிவைக் கொண்டே சரிபார்க்கலாம். அதற்கு இறைவனின் திட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தவறு செய்யும்போது நாம் விதியை மறுப்பதில்லை, நமக்கு மட்டும் ஒரு விலக்குக் கேட்கிறோம் என்று காண்ட் சொல்வார். பொதிகைச் சாரலில் விழும் தண்ணீர் சிலருக்கு மட்டும் என்ற ஏற்பாடு அப்படிப்பட்ட விலக்குதான். அந்த விலக்கைத் தனக்காக வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று ஒருவர் கரையில் நின்றார். தென்காசிக் கல்லில் விடுபட்டவர்களை உள்ளே சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பொருளும் அதுவே.

பிறகு நடந்தவை சட்டத்தின் வழியாக நடந்தன. தென்காசிக்கு மேற்கே சில கல் தொலைவில் உள்ள செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் அரசில் இருந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா 1936 நவம்பர் 12 அன்று கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியிட்டபோது அந்த அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. எல்லைக்கோட்டுக்கு இந்தப்புறம், சென்னை மாகாணத்துத் தென்காசியிலும் குற்றாலத்திலும் சட்டம் அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊரில், ஒரே மனிதன் ஒரே நாளில் ஒரு பக்கம் பக்தனாகவும் மறுபக்கம் தீண்டத்தகாதவனாகவும் இருக்க நேர்ந்தது. மனிதனின் மாண்பு எல்லைக்கோட்டுக்குக் கட்டுப்பட்டதாக இருந்த ஆண்டுகள் அவை. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நுழைவு நடந்தபின் சென்னை மாகாணச் சட்டம் வந்தது. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர்கள் கருதினால், அரசின் ஒப்புதலோடு கதவைத் திறக்கலாம் என்றது அது. திறந்தவர்கள்மீது வழக்கு வராமலும் காத்தது. அதாவது, ஊரார் சம்மதித்தால் மட்டுமே நிறைவேறும் கடமையாக அது இருந்தது. அந்த நிபந்தனையை நீக்கி, நுழைவு ஒவ்வொருவரின் உரிமை என்று சொன்ன சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் வந்தது.